ஊர் காண்பதும் ஊர் சூழ்வதும்



இன்றைய உரைக்குப் பொருள் 'சதுக்கம்'. சுற்றுலாச் செல்வோர் ஒரு பெருநகரில் இறங்கியதும் முதலில் தேடிச் செல்லும் இடங்களுள் ஒன்று அந்நகரின் சதுக்கம். இலண்டனுக்குச் சென்றவர் டிரபால்கர் சதுக்கத்தில் நெல்சன் தூணின் அடியில் நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் திரும்புவதில்லை. வெனிசு நகருக்குச் சென்றவர்க்குப் புனித மார்க் சதுக்கம், மாசுகோவுக்குச் சென்றவர்க்குச் செஞ்சதுக்கம். படம் எடுத்தவர் கவிஞராகவும் இருந்துவிட்டால் ஊர் திரும்பியதும் ஒரு கவிதை பிறக்கும். தமிழில் பயணக் கவிதைகள் பெருகியிருக்கின்றன; அவற்றைக் குறை சொல்வது இவ்வுரையின் நோக்கம் அன்று. ஆயினும் அவற்றுட் பலவும் 'நின்றேன், கண்டேன், வியந்தேன்' என்னும் மூன்று வினைமுற்றுகளுக்குள் அடங்கிவிடுவதைச் சொல்லாமலும் இருக்க இயலவில்லை.

சேத்தூரில் பேருந்து ஏறினால் இராசபாளையம் கடந்து ஒரு மணி நேரத்திற்குள் சென்று சேரத்தக்க சதுக்கம் ஒன்று உண்டு. திருவில்லிபுத்தூரின் தேர் வீதிகள் நான்கும் சேர்ந்த சதுரமே அது. அதைச் சதுக்கம் என்று எவரும் அழைப்பதில்லை. மேலை நாட்டுச் சதுக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டு தேடுபவர்க்கு அது கண்ணில் படவும் படாது. அங்கெல்லாம் நடுவிடம் வெட்டவெளி. சுற்றிலும் மாளிகைகளும் அரங்குகளும் அவ்வெளியை நோக்கி நிற்கும். அதன் நடுவில் ஒருவர் வந்து நின்று நாற்புறமும் பார்வையைச் சுழற்றினால் போதும். சதுக்கம் முழுவதும் கண்ணுக்குள் வந்துவிடும். தமிழ்நாட்டுக் கோயில் நகரத்தில் நடுவிடம் வெளி அன்று. கருவறையும் திருச்சுற்றும் மதிலும் நடுவை நிறைத்துக்கொள்ள, மக்கள் கூடும் வெளி அதைச் சுற்றி நான்கு வீதிகளாக விரிந்து கிடக்கிறது. எந்த ஓரிடத்தில் நின்றாலும் ஒரு பக்கம், மிஞ்சினால் ஒரு மூலையோடு இரு பக்கம், தெரியுமேயன்றி முழுச் சதுரமும் தெரியாது. நடந்து சுற்றி வந்தவர்க்கே அது சதுக்கமாகும். மதுரையில் ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என மாதப் பெயர் தாங்கிய வீதிகள் சதுரத்துக்குள் சதுரமாகக் கோயிலைச் சூழ்ந்திருப்பதும் இவ்வமைப்பே.

சொல் புதியதும் அன்று. சதுக்கம் என்பது நான்கு தெருக் கூடும் இடம், நாற்சந்தி எனப் பழைய உரைகள் பொருள் கூறும். திருமுருகாற்றுப்படை முருகன் உறையும் இடங்களைச் சொல்லும்போது சதுக்கத்தையும் ஒன்றாகச் சேர்க்கிறது. புகார் நகரில் பூதசதுக்கம் இருந்தது. அதனோடு வெள்ளிடை மன்றம், இலஞ்சி மன்றம், நெடுங்கல் மன்றம், பாவை மன்றம் என மன்றங்கள் ஐந்து. இவ்வைந்திலும் அழகு பார்க்க நிறுவப்பட்டது ஒன்றுமில்லை என்பது நோக்கத்தக்கது. ஒன்று திருடனைக் காட்டிக்கொடுக்கும். ஒன்றன் நீர் உடற்குறை தீர்க்கும். ஒன்றில் நிற்கும் கல் பித்தும் நஞ்சும் நீக்கும். பூதம், பொய்த்தவ வேடத்தாரையும் பொய்க்கரி புகல்வாரையும் கயிற்றால் கட்டி உண்ணும். பாவையோ பேசாது, அரசன் முறை தவறினால் கண்ணீர் மட்டும் சொரியும். பூங்குன்றுகளும் நீரூற்றுகளும் அமைத்து அழகுபடுத்தும் நகராட்சிகளின் கவனத்துக்கு இளங்கோவடிகளின் இப்பட்டியலைக் கொண்டு செல்லலாம். அரசு தவறும்போது அழும் சிலை ஒன்றை நடுவூரில் நிறுத்த எந்த நகராட்சி தீர்மானம் போடும் என்பது வேறு.

சிலப்பதிகாரத்தை இங்கே கொண்டுவந்ததற்கு இதைவிட முதன்மையான காரணம் உண்டு. தமிழ் இலக்கியத்தில் ஓர் ஊரைச் சுற்றிப் பார்க்கச் செல்லும் பயணி எவரெனக் கேட்டால் முதலில் நினைவுக்கு வரவேண்டியவன் கோவலன். மதுரைக் காண்டத்தில் அவனுக்கென்றே ஒரு காதை. பெயர் ஊர்காண் காதை. கண்ணகியைப் புறஞ்சேரியில் கவுந்தியடிகளிடம் இருத்திவிட்டு அவன் மதுரைக்குள் நுழைகிறான். கணிகையர் வீதி, அங்காடி வீதி, மணிகள் விற்கும் வீதி, பொன் வீதி, அறுவை வீதி, கூல வீதி என ஒவ்வொன்றாகப் பார்க்கிறான். சதுக்கமும் மன்றமும் மறுகும் அங்கே பெயர் சொல்லி வருகின்றன. ஒன்பது மணிகளின் குணமும் குற்றமும் விரித்துரைக்கப்படுகின்றன. பொன்னின் நால்வகையும் வரிசையாகச் சொல்லப்படுகின்றன. இன்றைய பயணக் கையேடுகள் தோற்றுப்போகும் அளவுக்கு விவரம் உண்டு. எல்லாம் பார்த்துவிட்டு, பாண்டியன் நகரைக் கண்ட மகிழ்ச்சியோடு புறஞ்சேரிக்குத் திரும்புகிறான்.

பொன்னின் வகை நான்கையும் அறிந்த கண்ணுக்குப் பொற்கொல்லன் புலப்படவில்லை. அவன் மகிழ்ந்து பார்த்த நகரம் அவனை எதிர்நோக்கியிருந்ததும், கொற்றம் சிறந்ததென அவன் நம்பிய அரசே ஆராயாமல் அவனை வெட்டச் சொன்னதும் அடுத்தடுத்த காதைகள். பயணியின் மகிழ்ச்சியைப் பொய்யென்று அடிகள் எங்கும் சொல்லவில்லை. அதை முழுதாக எழுதி, அதன் பக்கத்திலேயே கொலையையும் எழுதி வைத்துவிட்டார்.

அதே மதுரையில் அதே வீதிகளில் இன்னொருவர் நடக்கிறார். அதற்கும் ஒரு காதை; பெயர் ஊர்சூழ் வரி. ஒற்றைச் சிலம்பைக் கையில் ஏந்திய கண்ணகி வீதி வீதியாகச் செல்கிறாள்; இவ்வூரில் பெண்கள் இருக்கின்றனரா, சான்றோர் இருக்கின்றனரா, தெய்வம் இருக்கிறதா என்று ஊராரைப் பார்த்துக் கேட்கிறாள். வஞ்சின மாலையில் மதுரையை மும்முறை வலம் வந்த பின்னரே தீ எழுகிறது. காண்பது கோவலன், சூழ்வது கண்ணகி. காதைகளுக்கு இப்பெயர்களை யார் இட்டிருப்பினும் அவர் சொல்லின் எடை அறிந்தவர். ஓர் ஊர் தன்னை இரண்டு வகையாகக் காட்டும். கடைத்தெரு வழியே காண்பவர்க்கு ஒன்று. கேள்வியோடு சூழ்பவர்க்கு மற்றொன்று.

இந்த வேறுபாட்டோடு திருவில்லிபுத்தூருக்குத் திரும்பலாம்.

அங்கு வரும் பயணியர் பெரும்பாலும் வேறோர் இடத்துக்குப் போகிற வழியில் இறங்கியவர்கள். திருமங்கலத்திலிருந்து கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையில் ஊர் இருப்பதால் சாரல் காலத்தில் குற்றாலத்துக்குச் செல்பவர்களும், கார்த்திகை மார்கழியில் சபரிமலைக்குச் செல்பவர்களும் ஒரு மணி நேரம் ஒதுக்குகிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் மூன்று செயல்கள் நிகழும். தலையை அண்ணாந்து கோபுரம் பார்ப்பது, ஆண்டாளை வணங்குவது, பால்கோவா வாங்குவது. மூன்றில் எதையும் இகழ்வதற்கில்லை. பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. கோபுரமோ பதினொரு நிலைகளோடு 192 அடி உயர்ந்து நிற்பது. அது ஆண்டாள் சன்னிதிக்கு உரியதன்று, வடபெருங்கோயிலுடையானுக்கு உரியது என்பதை அறியாமலே பலர் படம் எடுத்துச் செல்கின்றனர். இரு கோயில்களுக்கும் இடையில் பெரியாழ்வார் துளசியடியில் ஆண்டாளைக் கண்டெடுத்ததாகச் சொல்லப்படும் நந்தவனம் இருக்கிறது. கோபுரத்தை நோக்கி நிமிர்ந்த கழுத்துக்கு அது தென்படுவது அரிது.

இக்கோபுரத்துக்கு இன்னொரு புகழும் உண்டு. 1949இல் ஓவியர் கிருஷ்ணாராவ் வரைந்த அரசுச் சின்னத்தில் இருப்பது இதுவே என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. அவர் மதுரையின் மேலைக் கோபுரத்தை மனத்திற்கொண்டே வரைந்தார் என்று வாதிடுவோரும் உளர். இரு ஊராரும் தத்தம் கோபுரத்துக்காக வழக்காடுவது கேட்கச் சுவையானது. எந்தக் கோபுரமாயினும் சின்னத்தில் கோபுரம் மட்டும் தனித்து நிற்கிறது, வீதி இல்லை. அரசுச் சின்னத்துக்கு அது போதும். கவியரங்கக் கவிதைகளிலும் இப்படியே நேர்ந்துவிடுகிறது. திருவில்லிபுத்தூரைப் பாட வருபவர் 'கோபுரமே' என்று விளித்துத் தொடங்கிவிடுகிறார். விளித்தபின் கண் கீழே இறங்குவதில்லை.

ஆனால் இவ்வூரின் இரு பெருங்கவிஞரும் வீதியின் கவிஞர்கள். மதுரையில் பரதத்துவம் நிலைநாட்டிய பெரியாழ்வாரைப் பாண்டியன் யானைமேல் ஏற்றி நகர்வலம் செய்வித்தபோது பிறந்ததே திருப்பல்லாண்டு என்பது வைணவ மரபு. ஆண்டாளின் திருப்பாவை முப்பது பாட்டில் ஆறாம் பாட்டு முதல் பதினைந்தாம் பாட்டு வரை பத்தும், விடிவதற்கு முன் வீடு வீடாகச் சென்று தோழியரை எழுப்பும் பாட்டுகள். இருள் பிரியாத வேளையில் பெண்கள் கூடித் தெருவில் நடக்கிறார்கள். கதவுக்கு வெளியே நின்று உரக்கப் பேசுகிறார்கள், கேலி செய்கிறார்கள். நாச்சியார் திருமொழியின் கனவுப் பதிகத்திலும் மணமகன் யானைகள் சூழ ஊர் வலம் வருகிறான். தோரணம் கட்டிய ஊர்தான் அக்கனவின் களம்.

இதன் அருமை உலா இலக்கியத்தோடு வைத்துப் பார்க்கும்போது விளங்கும். உலா, கோயில் வீதி பெற்றெடுத்த இலக்கிய வகை. சேரமான் பெருமாளின் ஆதியுலா முதல் ஒட்டக்கூத்தரின் மூவருலா வழியாகச் சென்ற நூற்றாண்டு வரை அதன் அமைப்பு ஒன்றுதான். தலைவன் வீதியில் பவனி வருவான். பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக ஏழு பருவத்து மகளிர் வாயிலிலும் மாடத்திலும் நின்று கண்டு மயங்குவர். இன்றைய சுற்றுலாவுக்கு இது நேர்மாறானது. சுற்றுலாவில் காணப்படும் பொருள் நிற்க, காண்பவர் நகர்கிறார். உலாவில் காண்பவர் நிற்க, காணப்படுவோன் நகர்கிறான். ஊரார் எங்கும் போகவேண்டுவதில்லை. தெய்வமே தெருவுக்கு வந்து அவரவர் வாசலில் முகம் காட்டும். இவ்வகையில் உலா பெருந்தன்மை வாய்ந்த இலக்கியம். ஆனால் ஏழு பருவத்துப் பெண்களில் ஒருத்தியேனும் வாசற்படியை விட்டு இறங்கி நடக்கிறாளா என்றால் இல்லை. வளை கழல நிற்பதே அவர்களுக்கு விதிக்கப்பட்ட பணி. ஒட்டக்கூத்தருக்கு முந்திய ஆண்டாள் பெண்களைப் படி இறக்கி, தெருவில் நடக்கவிட்டு, அவர்கள் வாயிலேயே பேச்சையும் கொடுத்துவிட்டாள். பின்வந்த புலவர்கள் அவளைப் போற்றினார்கள். அவள் காட்டிய வழியை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

சேத்தூரில் நின்று இதைச் சொல்லும்போது இவ்வூரின் கவிராயர் மரபை நினையாமல் இருக்க முடியாது. பழைய நூல்களின் முகப்பில் சேற்றூர் என்றே அச்சிடப்பட்ட இவ்வூர், ஜமீன் அரண்மனையின் ஆதரவில் கவிராயர் பலரைக் கண்டது. தலங்கள் மேலும் வள்ளல்கள் மேலும் அவர்கள் பாடிய சிற்றிலக்கியங்கள் பல. மு.ரா. கந்தசாமிக் கவிராயர் மதுரைக்குச் சென்று இதழ் நடத்தியதோடு தனிப்பாடல்களைத் தேடித் திரட்டிப் பதிப்பித்தார். இவர்களெல்லாம் தாம் பாடிய தலத்தைக் கால் தேயச் சுற்றியவர்கள். எந்தத் திசையில் குளம், எந்த மூலையில் மண்டபம், எந்த வீதியில் எவர் குடியிருப்பு என்பது அவர்களுக்கு மனப்பாடம். ஒரு மணி நேரப் பயணியின் பாட்டுக்கும் அவர்தம் பாட்டுக்கும் உள்ள வேறுபாடு யாப்பில் மட்டும் இல்லை.

ஆயினும் அவர்களிடமும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. வீதியில் எவர் குடியிருப்பு என்று அறிந்தவர்கள், எவர்க்கு அவ்வீதியில் நடக்க இடமில்லை என்பதைப் பாட்டில் வைக்கவில்லை. பெரியபுராணத்தில் சேக்கிழார் வைத்தார். தில்லையின் எல்லையை அடைந்த திருநாளைப்போவார் ஊருக்குள் நுழைய அஞ்சி, எல்லையையே இரவும் பகலும் வலம் வருகிறார். நான்கு வீதிகளுக்குள் நடக்க இயலாதவர் அவ்வீதிகளுக்கும் அப்பால் தமக்கென ஒரு வீதியை நடந்து நடந்து உண்டாக்கிக்கொள்கிறார். இறைவன் கனவில் வந்து தீயில் மூழ்கி வருமாறு பணித்த பகுதியைப் பற்றி ஆய்வாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். அதற்கு முந்திய அந்த வலத்தைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. துயரம் முழுவதும் அதில் இருக்கிறது.

புராணத்தோடு முடிந்த செய்தியுமன்று. இத்தென்பகுதியில், கமுதிக் கோயிலுக்குள் 1897இல் நாடார் சமூகத்தார் நுழைந்தது வழக்காகி, பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908இல் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பாயிற்று. கேரளத்து வைக்கத்தில் 1924 மார்ச்சு 30இல் தொடங்கிய போராட்டம் பலர் நினைப்பது போலக் கோயிலுக்குள் செல்வதற்காக நடந்ததன்று. கோயிலைச் சூழ்ந்த சாலைகளில் நடப்பதற்காக நடந்தது. பெரியார் இருமுறை சிறை சென்ற அப்போராட்டத்தின் முடிவில், 1925இல், மூன்று புறத்துச் சாலைகள் அனைவர்க்கும் திறக்கப்பட்டன. கிழக்குப் புறம் திறக்கப்படவில்லை. நான்கில் மூன்று கிடைத்தால் பெரும்பகுதி கிடைத்துவிட்டது என்று கணக்குச் சொல்லும். சுற்றி வர எண்ணியவர்க்கு மூன்று வீதி என்பது பாதியில் திரும்புவதுதான். 1936இல் திருவிதாங்கூர் ஆலய நுழைவுப் பிரகடனம் வந்த பின்னரே அச்சதுரம் மூடிற்று. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் 1939 ஜூலை 8இல் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துச் சென்றதும், 1947இல் சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் வந்ததும் அதன் தொடர்ச்சி.

உலகச் சதுக்கங்கள் பெயர் பெற்றது அங்கே கூடிய மக்களால். 2011இல் கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கம் உலகமெங்கும் அறியப்பட்டதற்கு அதைச் சுற்றியுள்ள கட்டடங்களா காரணம்? டிரபால்கர் சதுக்கமும் கடற்போர் வெற்றியின் நினைவாக எழுப்பப்பட்டதேயாயினும், தொழிலாளரும் பெண்ணுரிமை கோரியோரும் கூடிக் குரல் எழுப்பிய இடம் என்ற வரலாறு அதற்கு உண்டு. தமிழகத்துச் சதுக்கங்களின் மக்கள் வரலாறு நின்று முழங்கியதில் மட்டும் இல்லை. பெரும்பாலும் நடந்ததில் இருக்கிறது. யார் நடந்தார், யார் நடக்க முயன்று தடுக்கப்பட்டார், எந்த ஆண்டில் தடை நீங்கிற்று என்பவை எந்தக் கோபுரத்தின் அடியிலும் கல்லில் வெட்டப்பட்டிருக்கவில்லை. பயணி அறியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். கற்றவர்கள் எழுதி வைத்தாலன்றி அவருக்கு வேறு வழியில்லை.

ஆடிப்பூரத்தன்று திருவில்லிபுத்தூரின் பெரிய தேர் புறப்படுகிறது. வடம் பிடித்து நான்கு வீதியும் சுற்றி நிலை சேர்க்கப் பல நாட்கள் பிடித்த காலம் ஒன்று இருந்தது. ஒரு வீதியின் நடுவில் தேர் நின்றுவிட்டால் அன்றிரவு அவ்வீதியாருக்கு ஆண்டாள் அண்டை வீட்டுக்காரி. இரும்புச் சக்கரங்களும் நிறுத்துகருவிகளும் வந்தபின் தேர் ஒரே நாளில் நிலைக்கு வந்துவிடுகிறது. வசதி என்ற வகையிலும் உயிர்க்காப்பு என்ற வகையிலும் இது நல்லதே. பழைமையை எண்ணி ஏங்கவேண்டியதில்லை. என்றாலும் தேர் கூட வேகமாகச் சுற்றத் தொடங்கிய பிறகு, மெல்லச் சுற்றும் வேலை எழுதுவோர்மேல் விழுந்திருக்கிறது. மார்கழி நீராட்டுக்குத் திருமுக்குளம் செல்லும் ஆண்டாளோடு வீதி வழியே நடந்தால் தெரிபவை பல. துளசி தொடுக்கும் கைகள். மரவள்ளி இலையில் உடலும் மாதுளம்பூவில் அலகுமாக நாள்தோறும் புதிதாகப் பிறக்கும் கிளி. கள்ளழகருக்குச் சித்திரையிலும் திருவேங்கடவனுக்குப் புரட்டாசியிலும் பயணம் போகும் மாலை. கடைப் பலகைகளுக்குப் பின்னால் ஒடுங்கிப்போன திண்ணைகளும் உண்டு. அத்திண்ணைகளில் யார் அமர்ந்தார், யார் அமர இயலாமல் நின்றார் என்பதைச் சொல்லத் தெரிந்த முதியோர் அவ்வீதிகளில் இன்னமும் இருக்கின்றனர்.

இவ்வமைப்பு தன் பதினோராம் ஆண்டில் நடத்தும் கவியரங்குக்குத் தலைப்பு இன்னும் முடிவாகவில்லை என்று அறிவிப்பு வந்துள்ளது. 'தேர் வீதி நான்கு' என்று வைக்கலாம். வீதிக்கு ஒரு கவிஞராக நால்வர், ஆடிப்பூரம் அல்லாத ஒரு நாளில், காலை வெயில் ஏறுமுன் கால்நடையாகச் சுற்றி வந்து பாடவேண்டும். கோபுரத்தை விளித்தல் கூடாது என்பதை மட்டும் அழைப்பிதழிலேயே அச்சிட்டுவிடுவது நல்லது.